இடம் தேடிய மின்சாரம்

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் எகிப்தில் வாழ்ந்த பக்தாது நகரத்து அறிஞர் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி, அந்நாட்டைப் பற்றித் தாம் எழுதிய நூலில் நைல் நதியின் மீன் ஒன்றைக் குறித்தும் சில வரிகள் எழுதி வைத்திருக்கின்றார். 'ரஃஆத்' என்பது அம்மீனின் பெயர். உயிருடன் இருக்கும்போது அதனைத் தொட்டவர் கையில் பிடித்திருக்க இயலாது. உடல் நடுங்கும், கை மரத்துப் போகும். நீந்துவோர் மேனியில் அது பட்டுவிட்டால் உறுப்புகள் உணர்வற்று, நீரில் அமிழ்ந்து போகும் நிலை வந்துவிடும். இறந்த பின்போ அத்தன்மை அதனிடம் இருப்பதில்லை. மீனைக் கண்டவர்களிடமும் அதனிடம் சிக்கியவர்களிடமும் கேட்டு, மிகையின்றி எழுதப்பட்ட குறிப்பு இது. மின்கெளுத்தி என்று நாம் இன்று கூறும் மீன்தான் அது.

இம்மீனின் பெயரை வைத்து நம்மவரிடையே ஒரு பெருமைப் பேச்சு உலவுவதுண்டு. இடிக்கு அரபியில் 'ரஃது' என்று பெயர். திருமறையின் பதின்மூன்றாம் அத்தியாயத்தின் பெயரும் அதுவே. எனவே மீனின் அதிர்ச்சியும் வானத்து மின்னலும் ஒன்றே என்பதை அராபியர் அன்றே அறிந்திருந்தனர் என்பர். அப்படிக் கொள்வதற்கில்லை. நடுக்கத்தைக் குறிக்கும் 'ரிஃதா' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். தொட்டவரை நடுங்கவைக்கும் மீனுக்கு நடுக்கி என்று பெயரிட்டார்கள், அவ்வளவே. நம் முன்னோரின் சிறப்பு வேறிடத்தில் இருக்கின்றது. அதனை நாடிச் செல்வதற்கு இந்தப் போலிப் பெருமை தடையாக இருத்தலாகாது.

தலையில் மின்சாரம் பாய்ச்சி நோய் தீர்க்கும் முயற்சி மின்சாரம் என்னும் சொல் பிறப்பதற்கு முன்பே தோன்றியது. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் உரோமாபுரி மருத்துவர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனை வலிக்கும் இடத்தின் மீது வைத்து, அவ்விடம் மரத்துப்போகும் வரை விட்டு வைக்கச் சொன்னார். பின்வந்த காலன், செத்த மீனை வைத்துப் பார்த்துப் பயன் காணாமல், உயிருள்ள மீனால் பயன் கண்டதாக எழுதினார். பல நூற்றாண்டுகளுக்குப் பின் இப்னு ஸீனா (கி.பி. 980–1037) தம் 'அல்கானூன்' என்னும் பெருநூலில் மருந்துப் பொருள்களை வரிசைப்படுத்தும்போது இந்த மீனுக்கும் இடமளித்தார். யூனானி ஹகீம்களின் ஏடுகள் வழியே அச்செய்தி கீழ்த்திசையெங்கும் பரவியது.

இவர்கள் எல்லோரும் ஒரு வினாவை எளிதாகத் தீர்த்துக் கொண்டதை ஈண்டுக் கவனிக்க வேண்டும். எங்கே வைப்பது என்ற வினாவே அது. வலிக்கும் இடத்தில் வை என்பதே அவர்கள் கண்ட விடை. வேறு எந்த விடையும் அவர்களுக்கு இயலக்கூடியதாக இல்லை. வலி தெரியும் இடமும் நோய் இருக்கும் இடமும் ஒன்றன்று என்பதை அறிந்து, நோயின் இடத்தைக் கண்டு, அந்த இடத்துக்கு மட்டும் மின்சாரத்தை அனுப்பும் வழியை மனிதன் தேடத் தொடங்கியது பின்னால்தான். ஆற்றல் எந்நாளும் கிடைத்துக்கொண்டே இருந்தது. மீனில் கிடைத்தது, லெய்டன் நகரத்துக் கண்ணாடிக் குடுவையில் கிடைத்தது, வோல்டாவின் மின்கல அடுக்கில் கிடைத்தது. இடம்தான் கிடைக்கவில்லை. அது கிடைக்காத காலமெல்லாம் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள்.

மூளைக்குள் எந்த வேலை எங்கே நடைபெறுகின்றது என்பதற்கு ஒரு வரைபடம் இப்னு ஸீனாவிடம் இருந்தது. மூளையின் உள்ளறைகளில் முன்னறையைப் புலன்கள் கூடும் இடமாகவும் உருவங்களைத் தேக்கி வைக்கும் இடமாகவும், நடு அறையைச் சிந்தனைக்கும், பின்னறையை நினைவாற்றலுக்கும் அவர் வகுத்தளித்தார். தலையில் அடிபட்டவர்களின் எந்த ஆற்றல் கெட்டது என்று பார்த்து, அதன் இடத்தை உய்த்துணரும் முறை அவர் காலத்திலேயே மருத்துவர்களிடம் இருந்தது. வரைபடம் பிழையானது, நினைவின் வாயில் பின்னறையில் இல்லை. ஆயினும் ஒவ்வோர் ஆற்றலுக்கும் ஓர் இடம் உண்டு என்னும் துணிபு பிழையானதன்று. ஒரே நூலில் மீனையும் வரைபடத்தையும் வைத்திருந்த அந்த மேதை, இரண்டையும் இணைத்துப் பார்க்கவில்லை. இணைப்பதற்கு இன்னும் எட்டு நூற்றாண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

உழவனும் பணிப்பெண்ணும்

இத்தாலியின் பொலோன்யா நகரில் தவளைக் காலைத் துடிக்க வைத்துப் புகழ்பெற்ற கல்வானியின் மருமகன் ஜொவான்னி அல்தினி. 1801ஆம் ஆண்டு அந்நகர மருத்துவமனையில் மனச்சோர்வால் பித்துற்றுக் கிடந்த லூயிஜி லான்ஸரீனி என்ற 27 வயது உழவனின் தலையில் அவர் மின்னோட்டம் செலுத்தினார். அவனுக்குச் செய்வதற்கு முன் தம் தலையிலேயே செய்து பார்த்து, பல நாள் உறக்கமின்றித் தவித்தார் என்பதை அவருக்காகச் சொல்லியாக வேண்டும். லான்ஸரீனி தேறியதாக அல்தினி எழுதினார். தலையில் எவ்விடத்தில் கம்பியை வைப்பது என்பதற்கு அவரிடம் நெறி எதுவும் இருக்கவில்லை. இங்கும் அங்குமாக வைத்துப் பார்த்தார். இரண்டாண்டு கழித்து அவரே இலண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒருவனின் சடலத்தின் மீது மின்சாரம் செலுத்தி, தாடை துடிப்பதையும் கண் திறப்பதையும் கூடியிருந்தோருக்குக் காட்டினார். வேடிக்கை பார்த்தவர்களுக்கு அச்சம் மிஞ்சியது. அறிவு மிகுந்ததாகத் தெரியவில்லை.

1870இல் பெர்லினில் ஃப்ரிட்ஷ், ஹிட்ஸிக் என்ற இரு மருத்துவர்கள் வீட்டு அறை ஒன்றில் நாயின் மூளையைத் திறந்து, மெல்லிய மின்னோட்டத்தால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்தனர். ஓரிடத்தைத் தொட்டால் எதிர்ப்பக்கத்து முன்னங்கால் அசைந்தது. சற்றே தள்ளித் தொட்டால் வேறு தசை அசைந்தது. மூளையின் மேற்பரப்புக்கு இடவரைபடம் உண்டு என்பது அன்று மின்சாரத்தால் மெய்ப்பிக்கப்பட்டது. மூன்றாண்டுகளில் இங்கிலாந்தின் டேவிட் ஃபெரியர் அதனை மேலும் நுணுக்கமாக்கினார். அடுத்த கேள்வி எல்லோர் உள்ளத்திலும் எழுந்திருக்க வேண்டும்: மனித மூளையிலும் இவ்வாறுதானா?

அக்கேள்விக்கு 1874இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் விடை தேடப்பட்ட விதம் மருத்துவ வரலாற்றின் தீராத களங்கங்களுள் ஒன்று. மேரி ராஃபர்ட்டி அயர்லாந்தில் பிறந்து பிழைப்புத் தேடி வந்த பணிப்பெண், வயது 30. தலைத்தோலில் தோன்றிய புற்றுப்புண் மண்டையோட்டையும் அரித்து, மூளையின் துடிப்பு கண்ணுக்குத் தெரியுமளவுக்குத் திறந்து கிடந்தது. ராபர்ட்ஸ் பார்த்தலோ என்ற மருத்துவப் பேராசிரியர் அந்தத் திறப்பின் வழியே ஊசி முனைகளை மூளைக்குள் இறக்கி மின்சாரம் செலுத்தினார். எதிர்ப்பக்கத்துக் கையும் காலும் நீண்டு துடித்தன. எதிர்பார்த்தது கிடைத்துவிட்டது. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். இன்னும் தெளிவான விளைவு வேண்டும் என்று மின்னோட்டத்தைக் கூட்டினார். அவள் முகத்தில் வேதனை தெரிந்தது, அழத் தொடங்கினாள், பின் வலிப்பு வந்து, நெடுநேரம் நினைவிழந்து கிடந்தாள். சில நாட்களில் இறந்தாள்.

அவளுடைய நோயே மரணத்துக்குக் காரணம் என்றார் பார்த்தலோ. அவளும் ஒப்புக்கொண்டதாகச் சொன்னார். அவள் அறிவுத்திறன் குறைந்தவள் என்றும் அதே அறிக்கையில் எழுதினார். அறிவுத்திறன் குறைந்தவள் என்றால் அவள் ஒப்புதலுக்கு என்ன பொருள் என்பது அவருக்குத் தோன்றவில்லை போலும். அமெரிக்க மருத்துவச் சங்கமும் இங்கிலாந்து மருத்துவர்களும் கண்டித்தனர். அவரும் வருந்தி எழுதினார். பேராசிரியப் பதவிகள் மட்டும் அவரைவிட்டு நீங்கவில்லை. சில ஆண்டுகளில் ஃபிலடெல்ஃபியாவின் பெரிய கல்லூரி ஒன்றில் அமர்ந்தார். மனித மூளையின் மின்வரைபடத்தில் முதற்புள்ளியை இட்ட பெருமை அவருடையது என்று பாடநூல்கள் எழுதுகின்றன. அந்தப் புள்ளி யார் தலையில் இடப்பட்டது என்பதை எழுதும் நூல்கள் குறைவு.

நேர்வழியிலும் அந்த வரைபடம் வளரலாம் என்பதை மான்ட்ரியால் நகரத்து வைல்டர் பென்ஃபீல்டு காட்டினார். காக்காய் வலிப்பு நோயாளிகளுக்கு அறுவை செய்ய நேர்ந்தபோது, உணர்வு நீக்கும் மருந்தைத் தலைத்தோலுக்கு மட்டும் கொடுத்து, நோயாளியை விழித்த நிலையில் வைத்து, மூளையை மின்முனையால் தொட்டு, என்ன உணர்கின்றீர் என்று அவரிடமே கேட்டார். நோயாளி சொன்ன விடையைக் கொண்டே, வெட்டத் தகாத இடம் எது என்பதை முடிவு செய்தார். இங்கே ஆய்வு நோயாளியின் நன்மைக்காகவே நடைபெற்றது. அறிவு அதன் உடன்விளைவாக வந்தது. அவருடன் பணியாற்றிய ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958இல் வெளியிட்ட அளவுமுறை இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. மூக்கின் அடியிலிருந்து பிடரி எலும்பின் புடைப்பு வரை அளந்து, அந்தத் தூரத்தைப் பத்து விழுக்காடும் இருபது விழுக்காடுமாகப் பகுத்து, தலைத்தோலின் மீது புள்ளிகளுக்குப் பெயரிடும் முறை அது. பெரிய தலைக்கும் சிறிய தலைக்கும் அவரவர் அளவில் ஒரே வரைபடம் அதனால் கிடைத்தது. நரம்பு மருத்துவரிடம் சென்று மூளை அலைப்பதிவு எடுத்துக்கொண்டவர்கள், பேனாவால் தலையில் புள்ளியிட்ட பின்பே கம்பி ஒட்டியதை நினைவு கூரக்கூடும்.

ஆழத்தில் உள்ளவை

மேற்பரப்பின் வரைபடம் கிடைத்துவிட்டது. ஆயினும் மனிதரை அதிகம் வாட்டும் நோய்கள் பலவற்றின் இடம் மேற்பரப்பில் இல்லை. கைகால் நடுக்கமும் இறுக்கமும் தரும் பார்க்கின்சன் நோயின் கோளாறு மூளையின் அடியாழத்துக் கருக்களில் இருக்கின்றது. புதிய நினைவுகளின் வாயிலாகிய ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி, பொட்டின் உட்புறம் ஆழத்தில் கடற்குதிரை போல் சுருண்டு கிடக்கின்றது. அதன் அருமை 1953இல் ஒரு மனிதரின் இழப்பால் தெரியவந்தது. வலிப்பை நிறுத்துவதற்காக ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்க இளைஞரின் மூளையில் இருபுறமும் அப்பகுதியை அறுத்தெடுத்தனர். வலிப்பு குறைந்தது. ஆனால் அவர் 2008இல் இறக்கும் வரை, சற்றுமுன் சந்தித்தவரை மீண்டும் புதியவராகவே சந்தித்துக் கொண்டிருந்தார்.

ஆழத்தை அடைய இருவழிகள் இருந்தன. ஒன்று, தலை முழுவதையும் மின்சாரத்தால் அதிர வைப்பது. 1938இல் உரோமில் செர்லெட்டியும் பினியும் தொடங்கிய அதிர்ச்சிச் சிகிச்சை அத்தகையது. மக்கள் அஞ்சும் அளவுக்கு அது கொடியதன்று. கடுமையான மனச்சோர்வில் உயிர்காக்கும் மருத்துவமாக இன்றும் நிற்கின்றது. நினைவு மங்குதல் அதன் குறை. 1950களின் இறுதியில், இரு பொட்டுகளிலும் வைக்கும் மின்முனைகளை ஒரே பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அந்தக் குறை வெகுவாகத் தணிந்தது. கருவி மாறவில்லை, நோய் மாறவில்லை. வைத்த இடம் மாறியது, அவ்வளவே. இடத்தின் அருமைக்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

மற்றொரு வழி, மண்டையோட்டைத் துளைத்து நேரே உள்ளே செல்வது. விக்டர் ஹார்ஸ்லியும் ராபர்ட் கிளார்க்கும் 1908இல் விலங்குகளின் தலைமீது சட்டம் பொருத்தி, நீளம், அகலம், ஆழம் என்ற மூன்று அளவுகளால் உள்ளே ஒரு புள்ளியைக் குறிக்கும் முறையை வகுத்தனர். 1947இல் அம்முறை மனிதருக்கு வந்தது. 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரத்து ஆலிம் லூயி பெனாபிட் நடுக்கமுற்றவர்களின் ஆழ்மூளையில் மின்கம்பியை நிலையாக நிறுத்தி, நொடிக்கு நூற்றுக்கு மேற்பட்ட துடிப்புகளைச் செலுத்தினார். ஆடிய கை அடங்கியது. தேநீர்க் கோப்பையைத் தாமே வாய்க்குக் கொண்டுசெல்ல முடியாதிருந்த எத்தனையோ பேருக்கு இம்மருத்துவம் கையைத் திருப்பித் தந்தது. ஆயினும் அது தலையைத் துளைக்கும் அறுவை. குருதிக்கசிவும் கிருமித்தொற்றும் நேரலாம். செலவோ நடுத்தரக் குடும்பத்தை நிலைகுலைய வைப்பது. முதியவர்கள் பலருக்கு அந்த அறுவையைத் தாங்கும் உடல்நிலையும் இருப்பதில்லை.

எனவே தோலையும் எலும்பையும் துளைக்காமல் ஆழத்தை அடைய முடியுமா என்ற கேள்வி விடாது நின்றது. 1980இல் இங்கிலாந்தில் மெர்ட்டனும் மார்ட்டனும் தலைத்தோலின் மீதிருந்தே மின்துடிப்புச் செலுத்திக் கையை அசையச் செய்தனர், வலித்தது. 1985இல் ஷெஃபீல்டு நகரத்து அந்தோனி பார்க்கர் காந்தச் சுருளால் அதையே வலியின்றிச் செய்தார். 2000ஆம் ஆண்டு ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷேயும் பவுலஸும் ஒரே ஒரு மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தால் மூளையின் கிளர்ச்சியைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்று காட்டினர். அவர்கள் மின்முனைகளைப் பல இடங்களில் வைத்துப் பார்த்ததில், அசைவுப் புறணியின் மீது ஒன்றும், எதிர்ப்பக்க நெற்றியில் மற்றொன்றும் வைத்த அமைப்பே பயன் தந்தது.

இவை யாவும் மேற்பரப்பில் வலுத்து, உள்ளே செல்லச் செல்ல நலிபவை. காரணம் தலையின் அமைப்பில் இருக்கின்றது. மண்டையோடு மின்சாரத்தை எளிதில் விடாது. எலும்புக்கும் மூளைக்கும் இடையில் தேங்கிய நீரோ, எலும்பைப்போல் ஏறத்தாழ 160 மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்துவது. ஆகவே செலுத்திய மின்னோட்டத்தில் பெரும்பகுதி தோலின் வழியாகவே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிவிடுகின்றது. உள்ளே நுழைந்ததிலும் ஒரு பங்கு நீரின் வழியே பக்கவாட்டில் பரவிவிடுகின்றது. இறந்தோரின் உடலில் அளந்து 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, தோலும் எலும்புமாகச் சேர்ந்து ஏறத்தாழ முக்கால் பங்கு மின்னோட்டத்தை மூளையை எட்டவொட்டாமல் தடுத்துவிடுகின்றன என்று கண்டது. மின்னோட்டத்தைக் கூட்டினால் ஆழத்துக்குச் செல்லும். ஆனால் அதற்குள் தோல் எரியும், மேல்மூளை கிளர்ந்துவிடும்.

இரு சுருதிகளின் விம்மல்

இந்தச் சிக்கலிலிருந்து விடுபட ஒரு வழி, முழங்கால் வலிக்குச் சிகிச்சை செய்யும் அறையில் நெடுநாளாகக் காத்திருந்தது. ஆஸ்திரியாவின் ஹான்ஸ் நெமெக் 1950களில், நொடிக்கு ஏறத்தாழ நான்காயிரம் அதிர்வுள்ள இரு மின்னோட்டங்களைக் குறுக்காகச் செலுத்தித் தசைவலி தீர்க்கும் கருவியைப் புனைந்தார். நம் ஊர்களில் இயன்முறை மருத்துவரிடம் முழங்காலுக்கோ இடுப்புக்கோ நான்கு பட்டைகளை ஒட்டிக்கொண்டு, 'ஐ.எஃப்.டி. வைத்தேன்' என்று சொல்லும் பெரியவர்கள் அனைவரும் நெமெக்கின் கண்டுபிடிப்பைத்தான் வைத்துக்கொண்டு வருகின்றார்கள்.

அதன் தத்துவம் பாடகர்கள் அறிந்தது. ஆர்மோனியத்தில் ஒரே சுருதிக்குரிய இரு நாவுகளில் ஒன்று சற்றே பிசகியிருந்தால், இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது ஓசை சீராக நில்லாமல் ஏறியிறங்கி விம்மும். நொடிக்கு எத்தனை முறை விம்முகின்றது என்பது, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டின் அளவேயாகும். அவ்வாறே 2000 ஹெர்ட்ஸ் அதிர்வுள்ள மின்னோட்டமும் 2010 ஹெர்ட்ஸ் அதிர்வுள்ள மின்னோட்டமும் ஓரிடத்தில் சந்தித்தால், அங்கே நொடிக்குப் பத்து விம்மல் பிறக்கும். நரம்பணுக்கள் இரண்டாயிரம் அதிர்வுகளைப் பின்தொடர இயலாதவை. அவற்றின் மென்சவ்வு அத்தனை விரைவுக்கு ஈடு கொடுப்பதில்லை. பத்து விம்மலையோ அவை உணரும். அப்படியானால் தோலிலும் மேல்மூளையிலும் வெறும் விரைவதிர்வு கடந்து செல்ல, இரண்டும் சந்திக்கும் ஆழத்தில் மட்டும் நரம்பு விழித்துக்கொள்ளும்.

2017இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நீர் கிராஸ்மன், எட்வர்ட் பாய்டன் குழுவினர் இதனை எலிகளில் மெய்ப்பித்தனர். எலியின் ஹிப்போகேம்பஸ் கிளர்ந்தது; அதற்கு மேலே இருந்த புறணி அமைதியாக இருந்தது. இன்னொரு வியப்பு: மின்முனைகளைத் தொடாமலே, இரு மின்னோட்டங்களின் விகிதத்தை மட்டும் மாற்றி, சந்திக்கும் இடத்தை நகர்த்த முடிந்தது. 'காலக் குறுக்கீட்டு முறை' என்று அதனைத் தமிழில் வழங்கலாம்.

எலியின் தலைக்கும் மனிதத் தலைக்கும் உள்ள தூரம் சாமானியமன்று. இனி எழுந்த வினா பழைய வினாவேதான்: எங்கே வைப்பது?

தலைத்தோலில் 64 இடங்களில் மின்முனை வைக்கலாம் என்று கொள்வோம். அவற்றுள் நான்கைத் தேர்ந்தெடுக்க 6,35,376 வழிகள் உண்டு. தேர்ந்த நான்கை இரண்டிரண்டாக இணை சேர்க்க மூன்று வழிகள். ஆக 19,06,128 அமைப்புகள். ஒவ்வொன்றிலும் மின்னோட்ட விகிதத்தை வேறு பலவாறு மாற்றலாம். உயிருள்ள மனிதர் தலையில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பது பார்த்தலோவின் வழி. இன்றைய வழி வேறு. ஒருவரின் தலையை எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, தோல், எலும்பு, நீர், சாம்பல் மூளை, வெண்மூளை என்று பிரித்து, இலட்சக்கணக்கான சிறு துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் அதன் மின்கடத்துந்திறனைக் கொடுத்து, கணிப்பொறிக்குள் ஒரு நிழல் தலையை ஆக்குகின்றனர். சோதனை முதலில் அந்த நிழலின் மீதுதான்.

சாதாரண மின்னோட்டமாயின் கணக்கு எளிது. ஒவ்வொரு மின்முனையின் விளைவையும் ஒருமுறை கணித்து வைத்துக்கொண்டால், எத்தனை முனைகளையும் கூட்டிக் கழித்து விடை காணலாம். நியூயார்க் நகரக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2011இல் அவ்வாறே, குறித்த இடத்துக்கு ஏற்ற மின்முனை அமைப்பைக் கணித்துக் காட்டினர். காலக் குறுக்கீட்டிலோ இந்தக் கூட்டல் செல்லாது. இரு கை தட்டினால்தான் ஓசை என்பார்கள். இங்கு விம்மலின் அளவு, சந்திக்கும் இரு மின்புலங்களில் எது மெலிந்ததோ அதனைப் பொறுத்தது. மின்முனையின் அருகில் ஒன்று எவ்வளவுதான் வலுத்திருந்தாலும், மற்றது அங்கே மெலிந்திருப்பதால் விம்மல் பெரிதாவதில்லை. இந்த முறையின் அழகும் அதுவே, கணக்கின் கடுமையும் அதுவே. இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். இரண்டின் திசையும் ஒத்திருக்க வேண்டும். அத்திசை நரம்பிழைகள் ஓடும் திசையோடும் பொருந்த வேண்டும். ஒரு முனையை விரற்கடை நகர்த்தினால் மூன்றும் மாறிவிடும். மலைத்தொடரில் மிக உயர்ந்த சிகரத்தைப் பனிமூட்டத்தில் தேடுபவன், ஏறி நின்ற குன்றையே சிகரம் என்று மயங்குவது போல, கணிப்பொறியும் நடுவழியில் மயங்கி நிற்கும். ஆகவே அமைப்புகளை ஒன்றோடொன்று கலந்து, நல்லவற்றைத் தேர்ந்து, மீண்டும் கலந்து, தலைமுறை தலைமுறையாக மேம்படுத்தும் கணிப்பு முறைகளையும் கையாளுகின்றனர்.

அதற்கு முன் ஆய்வாளர் தம் நோக்கத்தைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். குறியிடத்தில் மிகுந்த வலிமை வேண்டுமா? அல்லது பிற இடங்களில் மிகக் குறைந்த கிளர்ச்சி வேண்டுமா? இரண்டும் ஒருங்கே முழுமையாகக் கிடைப்பதில்லை. 2020இல் வெளிவந்த கணிப்பு ஒன்று ஆர்வலர்களை நிலத்துக்குக் கொண்டுவந்தது. மின்முனைகளைச் செவ்வனே அமைத்துவிட்டால், பழைய முறையால் ஆழத்தில் எட்டக்கூடிய வலிமைக்கு மேல் குறுக்கீட்டு முறை தந்துவிடுவதில்லை. அதன் ஆதாயம் வலிமையில் இல்லை, குறியின் கூர்மையில் இருக்கின்றது. விரைவதிர்வு நரம்புக்கு முற்றிலும் புலப்படாதது என்ற நம்பிக்கையையும் அதே ஆண்டு வேறொரு கணிப்பு அசைத்தது: மனிதத் தலையில் நரம்பைத் துள்ளவைக்கும் அளவுக்கு மின்னோட்டத்தைக் கூட்டினால், வழியிலுள்ள நரம்புகள் செயலற்றுத் தடைப்படவும் கூடும். மனிதருக்குச் செலுத்தப்படும் சில மில்லி ஆம்பியர் அந்த எல்லைக்கு வெகுகீழே நிற்பது. நரம்பைத் துள்ளவைப்பதில்லை, அதன் தாளத்தைச் சற்றே தன்வழிக்கு இழுக்கின்றது.

ஒருவருக்குக் கணித்த அமைப்பு மற்றவருக்குப் பொருந்துவதுமில்லை. 25 பேரின் தலைப்படங்களைக் கொண்டு 2021இல் ஜெர்மனியில் கணித்துப் பார்த்தபோது, ஒரே அமைப்பு ஆளுக்கு ஆள் வெவ்வேறு வலிமையைத் தந்தது. எலும்பின் தடிப்பும் மூளைமடிப்புகளின் போக்கும் நீரின் அளவும் இருவருக்கு ஒன்றாய் இருப்பதில்லை. முதுமையில் மூளை சற்றே சுருங்கி நீர் மிகும்போது, இளமையில் கணித்த கணக்கும் மாறிவிடும். நம் வீட்டு அலமாரியில் மடித்து வைத்திருக்கும் தொழுகைத் தொப்பிகளில் ஒன்று மகனுக்கு இறுக்கமாகவும் தந்தைக்குத் தளர்வாகவும் இருப்பதைக் காண்பவர்களுக்கு இதில் வியப்பில்லை. ஜாஸ்பரின் அளவுமுறை தோலின் மீதுள்ள இடத்தைச் சமன்படுத்தியது. உள்ளேயுள்ள வேறுபாட்டை அதனால் சமன்படுத்த முடியாது.

2023இல் மனிதரிடம் இருபெரும் சோதனைகளின் முடிவுகள் வெளிவந்தன. இலண்டனில் வயோலான்தே, கிராஸ்மன் முதலியோர் உடல்நலமுள்ள தன்னார்வலர்களின் ஹிப்போகேம்பஸை நோக்கி நொடிக்கு ஐந்து விம்மலைச் செலுத்தினர். முகங்களையும் பெயர்களையும் இணைத்து மனத்தில் வைக்கும் வேலையின்போது அப்பகுதியின் செயற்பாடு மாறியதை எம்.ஆர்.ஐ. கருவி காட்டியது, நினைவின் துல்லியமும் ஓரளவு கூடியது. சுவிட்சர்லாந்தில் ஃபிரீட்ஹெல்ம் ஹும்மலின் குழுவினர் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதியைத் தூண்டி, விரல் அசைவுகளைக் கற்கும் திறன், குறிப்பாக முதியோரிடம், மேம்படக் கண்டனர். இவை நலமுடையோரிடம் கண்ட சிறு மாற்றங்கள். நோயாளிகளுக்கான மருத்துவமாக இது இன்னும் நிலைபெறவில்லை. ஆதலால் மறதி நோயுற்ற பெற்றோரை வைத்துக்கொண்டு தவிப்பவர்கள், தலைக்கு மின்சாரம் வைத்துக் குணமாக்குவோம் என்று பணம் கேட்பவர்களிடம், எங்கே வைப்பீர்கள், அந்த இடம் எங்கள் தந்தையின் தலையில் எவ்வாறு கணிக்கப்பட்டது என்று கேட்கலாம். விடை சொல்லத் தடுமாறுபவரிடம் தந்தையின் தலையை ஒப்படைக்க வேண்டியதில்லை.

இலண்டன் குழுவினர் தன்னார்வலர்களிடம் செல்லுமுன் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கணிப்பொறி காட்டிய இடத்தில்தான் மெய்யாகவே மின்புலங்கள் சந்திக்கின்றனவா என்பதை அறிய, இறந்த ஒருவரின் மூளையில் அளவுகோல் முனைகளைச் செலுத்தி அளந்து பார்த்தனர். நிழல் தலையின் சாட்சியத்தை மெய்யான தலையிடம் கேட்டு உறுதிப்படுத்திக் கொண்டனர்.

மீனைப் பற்றி எழுதிய அப்துல் லத்தீஃபும் இத்தகைய காரியம் ஒன்றைச் செய்தவர். நூலைப் படித்து உடற்கூறு விளங்காத மாணவர்களுடன், அல்மக்ஸ் என்ற இடத்தில் மனித எலும்புகள் குவிந்து கிடந்த மேட்டுக்குச் சென்றார். கீழ்த்தாடை இரு எலும்புகளால் ஆனது என்று காலன் எழுதியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளாக மருத்துவ உலகம் அதனை ஓதி வந்தது. அப்துல் லத்தீஃப் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே எலும்புதான் இருந்தது; பொருத்தின் சுவடே இல்லை. தம் கண் தம்மை ஏமாற்றுகின்றதோ என்று ஐயுற்று, தாம் உடனில்லாத வேளையில் வேறு பலரையும் பார்க்கச் சொன்னார். அவர்களும் ஒரே எலும்பைத்தான் கண்டனர்.